சோழ மன்னர் பெயர்கள்: சொல்லும் முறையும் பொருளும்



தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து மாணவர் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிப்பதைக் கேட்டிருக்கிறோம். இராஜேந்திரன், ஆதித்தன், கரிகாலன், குலோத்துங்கன், அருண்மொழி, குந்தவை என்று வரும் பெயர்கள் ஒரு பேரரசின் கொலுமண்டபத்தையே நம் கண்முன் நிறுத்திவிடும். இப்போது புதிய புதிய பெயர்கள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் அதிகாலையில் பால்மரம் வெட்டப் போகும் தந்தைக்கு இராஜேந்திரன் என்றும், செம்பனைக் குலை சுமக்கும் அண்ணனுக்குக் கரிகாலன் என்றும் பெயர் இருப்பதை நம் குடும்பங்களில் இன்றும் காண்கிறோம். அரண்மனையில் வழங்கிய பெயர்கள் லயத்து வீடுகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டன.

இந்தப் பெயர்களைச் சூட்டுகிற நாம், அவற்றின் பொருள் என்ன, அவற்றை எப்படி ஒலிக்க வேண்டும் என்பதைப் பல வேளைகளில் எண்ணிப் பார்ப்பதில்லை. "உன் பெயருக்கு என்னம்மா பொருள்?" என்று யாரேனும் கேட்டால் பிள்ளை விழிக்கிறது. அம்மாவைக் கேட்டால், "தாத்தா வைத்த பெயர்" என்பார். தாத்தா வைத்தது என்பது நல்ல விடைதான். அதில் உள்ள சிறப்பைப் பிறகு பார்ப்போம். முதலில், பொருளும் ஒலியும் தெரிந்திருப்பதால் என்ன பயன் என்று கேட்டுக்கொள்வோம்.

நம் நாட்டில் ஒருவருடைய பெயர் இரண்டு தலைமுறைக்கு எழுத்தில் நிற்கிறது. பிள்ளையின் பிறப்புப் பத்திரத்திலும் அடையாளக் கார்டிலும் அவன் பெயர் இருக்கும். அதையடுத்து 'அனாக் லெலாக்கி' அல்லது 'அனாக் பெரெம்புவான்' என்று போட்டுத் தந்தையின் பெயர் இருக்கும். இன்று தொட்டிலில் கிடக்கும் குழந்தை நாளை தந்தையாகும்போது, அதே எழுத்துகள் அவனுடைய பிள்ளையின் பத்திரத்திலும் ஏறும். இன்றைக்கு ஓர் எழுத்து பிசகினால் அந்தப் பிசகும் கூடவே ஏறிவிடும். ஒரு பத்திரத்தில் ஒருவிதமாகவும் இன்னொன்றில் வேறுவிதமாகவும் பெயர் இருந்து, இரண்டும் ஒருவரே என்று முகப்புக்கு முகப்பு விளக்கம் சொல்லி அலைந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. பதிவு செய்கிறவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. பெயரைச் சொல்லுகிற நமக்கு அதன் ஒலி தெரிந்திருந்தால்தான், எழுதுகிறவர் எழுதியது சரியா என்று பார்க்க முடியும்.

ஆகையால், நமக்கு நன்கு பழக்கமான சோழ மன்னர்களின் பெயர்களை எடுத்துக்கொண்டு, அவற்றைப் பிரித்துப் பார்ப்போம்.

சோழர் என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். அதில் இருப்பது சிறப்பு ழகரம். நாக்கின் நுனியை மேல்நோக்கி வளைத்து, அண்ணத்தில் அழுத்தாமல் இலேசாக வருடவிட்டு ஒலிக்க வேண்டிய எழுத்து அது. பழம், மழை, தமிழ் என்னும் சொற்களில் வருவதும் அதுவே. நாக்கை அண்ணத்தில் ஒட்டிவிட்டால் 'சோளன்' ஆகிவிடும். கேட்பவருக்கு மன்னன் நினைவுக்கு வரமாட்டான், சோளக்கொல்லைதான் நினைவுக்கு வரும். நாக்கைப் பல்லுக்கு அருகே கொண்டுபோனால் 'சோலன்' ஆகும், சோலையில் உலவுகிறவன்போல. இந்த ஓர் எழுத்தை ஒலிக்க முடியாத ஐரோப்பியர் வாயில் சோழமண்டலக் கடற்கரை 'கோரமண்டல்' ஆயிற்று. உலகப் படங்களிலும் அந்தப் பெயரே ஏறிவிட்டது. பிறர் வாயில் பெயர் எவ்வளவு தூரம் மாறக்கூடும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

சங்க காலத்துச் சோழர் பெயர்கள் பெரும்பாலும் தனித் தமிழ்ப் பெயர்கள். நெடுங்கிள்ளி, நலங்கிள்ளி, கிள்ளிவளவன், கோச்செங்கணான் என்பவை அவற்றுள் சில. கிள்ளி, வளவன், செம்பியன் என்பவை சோழர் குலத்துக்கே உரிய பெயர்கள். வளம் பொருந்திய நாட்டை உடையவன் வளவன். கோச்செங்கணான் என்பதைப் பிரித்தால் கோ, செம்மை, கண் என்று மூன்று சொற்கள் கிடைக்கும். சிவந்த கண்களையுடைய அரசன் என்பது பொருள். கரிகாலன் என்ற பெயருக்கு இருவகையாகப் பொருள் கூறுவர். இளமையில் நெருப்பில் அகப்பட்டுக் கால் கரிந்ததால் அப்பெயர் வந்தது என்பது ஒன்று. 'கரி' என்றால் யானை, பகைவரின் யானைகளுக்குக் காலனாக விளங்கியவன் என்பது மற்றொன்று. இரண்டில் எதைக் கொண்டாலும் ஒலி ஒன்றே. நடுவில் ஒற்று இல்லாமல் 'கரி-காலன்' என்று சொல்ல வேண்டும். 'கரிக்காலன்' என்று அழுத்திச் சொல்லுவதும் எழுதுவதும் வழக்கன்று.

கி.பி. 850ஆம் ஆண்டை ஒட்டித் தஞ்சையைக் கைப்பற்றிச் சோழப் பேரரசுக்கு அடிகோலியவன் விஜயாலயன். அவன் காலம் முதல் வடசொற்களால் ஆன பெயர்கள் மிகுதியாக வருகின்றன. நமக்குத் தடுமாற்றம் தருபவை இவைதாம். பார்வைக்கு நீளமான பெயர்கள். ஆனால் அவற்றில் பல, இரண்டு சொற்களை ஒட்டவைத்துச் செய்தவை. ஒட்டிய இடம் எது என்று தெரிந்துவிட்டால் ஒலியும் பொருளும் ஒருங்கே விளங்கும்.

ஒட்டும் முறை மூன்றை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

முதலாவது, அகரமும் அகரமும், அல்லது அகரமும் ஆகாரமும் சேர்ந்தால் 'ஆ' என்று நீளும். தேவ, ஆலயம் என்ற இரண்டும் சேர்ந்து தேவாலயம் ஆவதுபோல, விஜய, ஆலயன் சேர்ந்து விஜயாலயன் ஆகிறது. வெற்றிக்கு இருப்பிடமானவன் என்று பொருள். இராஜ, ஆதித்தன் சேர்ந்து இராஜாதித்தன். ஆதித்தன் என்றால் கதிரவன். அரசர்களுள் கதிரவன் போன்றவன் என்று பொருள்படும். 949ஆம் ஆண்டில் தக்கோலப் போர்க்களத்தில் யானைமேல் இருந்தபடியே உயிர்நீத்த சோழ இளவரசனின் பெயர் இது. இராஜ, அதிராஜன் சேர்ந்து இராஜாதிராஜன். அரசர்களுக்கு மேலான அரசன்.

இரண்டாவது, அகரமும் இகரமும் சேர்ந்தால் 'ஏ' என்று நீளும். இராஜ, இந்திரன் சேர்ந்து இராஜேந்திரன். அரசர்களுக்குள் இந்திரன் போன்ற தலைவன் என்பது பொருள். நம்மிடையே உள்ள சுரேந்திரன், நரேந்திரன், மகேந்திரன், ஞானேந்திரன் எல்லாரும் இந்த முறையில் பிறந்தவர்களே. ஆகவே 'ஜே' என்ற இடத்தில் குரல் நன்றாக நீள வேண்டும். 'இராஜிந்திரன்' என்று குறுக்கினால் ஒட்டிய இடம் அறுந்துபோகும்.

மூன்றாவது, அகரமும் உகரமும் சேர்ந்தால் 'ஓ' என்று நீளும். சூரிய, உதயம் சேர்ந்து சூரியோதயம் ஆவதுபோல, குல, உத்துங்கன் சேர்ந்து குலோத்துங்கன் ஆகிறது. உத்துங்கம் என்றால் உயர்ந்தது. தன் குலத்தை உயர்த்தியவன், குலத்தில் உயர்ந்தவன் என்று பொருள். இந்தப் பெயரைச் சொல்லும்போது 'த்து' என்ற இடத்தை முத்து என்ற சொல்லில் வருவதுபோல வன்மையாகவும், 'ங்க' என்ற இடத்தைத் தங்கம் என்ற சொல்லில் வருவதுபோல மென்மையாகவும் ஒலிக்க வேண்டும். 'குலதுங்கன்', 'குலத்தங்கன்' என்றெல்லாம் வருவது, ஒட்டிய இடம் தெரியாததால் நேர்வது.

முத்து, தங்கம் என்று இப்போது சொன்னோமே, அதில் ஒரு பொதுவிதி இருக்கிறது. தமிழில் க, ச, ட, த, ப என்னும் எழுத்துகள் இரட்டித்து வந்தால் வன்மையாகவும், தமக்குரிய மெல்லெழுத்தை அடுத்து வந்தால் மென்மையாகவும் ஒலிக்கும். தெரிந்த சொல்லை அளவுகோலாக வைத்துக்கொண்டால் தெரியாத பெயரையும் சொல்லிவிடலாம். அரிஞ்சயன் என்ற சோழனின் பெயரை மஞ்சள் என்பதைப்போலச் சொல்லுங்கள். 'அரி' என்பதற்கு இங்கே பகைவன் என்று பொருள். பகைவரை வென்றவன் அரிஞ்சயன். கண்டராதித்தன் என்ற பெயரை வண்டி என்பதைப்போலச் சொல்லுங்கள். கண்டர் என்றால் வீரர். வீரர்களுள் கதிரவன் போன்றவன் அவன். இவன் மன்னனாக மட்டும் இருந்தவன் அல்லன். திருவிசைப்பாப் பாடல்களை இயற்றியவர்களுள் ஒருவனாகவும் போற்றப்படுகிறான். செம்பியன் மாதேவி இவனுடைய தேவியே.

பராந்தகன் என்ற பெயரைப் பந்து என்பதைப்போலச் சொல்லுங்கள். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். பராந்தகன் வேறு, பரந்தாமன் வேறு. பர, அந்தகன் சேர்ந்தது பராந்தகன். பகைவர்களுக்கு முடிவு செய்கிறவன், அதாவது எமன் போன்றவன் என்று பொருள். பரந்தாமன் என்பது திருமாலின் பெயர். மேலான இடத்தை உடையவன் என்று பொருள். முன்னதில் 'ரா' நெடில், பின்னதில் 'ர' குறில். அந்த ஒரு நெடிலைத் தவறவிட்டால் போர்க்களத்து மன்னனும் வைகுந்தத்துப் பெருமாளும் குழம்பிப் போவார்கள்.

இராஜராஜன் என்ற பெயரை எழுதுவதில் பிள்ளைகளுக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. ஒரு புத்தகத்தில் இராஜராஜன், இன்னொன்றில் இராசராசன், வேறொன்றில் ராஜராஜன் என்று இருக்கிறதே, இவர்கள் மூவரா என்று கேட்கிறார்கள். மூவர் அல்லர், ஒருவரே. தமிழ்ச் சொல்லின் முதலில் 'ர' வாராது என்பது இலக்கண மரபு. ஆகவே முன்னால் ஓர் இகரம் சேர்க்கிறோம். ஜகரம் வடவெழுத்து. அதை விலக்க விரும்புவோர் சகரம் இடுகிறார்கள். பேசும்போது அந்த முதல் இகரத்தை அழுத்த வேண்டுவதில்லை. இலேசாகத் தொட்டுவிட்டுச் சென்றால் போதும். அரசர்க்கு அரசன் என்பதே பொருள்.

இதுவரை நாம் சொன்ன பெயர்களில் பிறந்தபோது வைத்தவை எவை, பின்னர்ச் சூடியவை எவை என்று பிரித்துப் பார்ப்பது மிகவும் சுவையானது. 985ஆம் ஆண்டில் அரியணை ஏறி, 1010ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டி முடித்த மாமன்னனுக்குப் பெற்றோர் இட்ட பெயர் இராஜராஜன் அன்று. அருண்மொழி என்பதே அவனுக்குப் பிள்ளைப்பெயர். அருள், மொழி என்ற இரண்டு சொற்கள் சேரும்போது ளகரம் ணகரமாக மாறும். நாள், மலர் சேர்ந்து நாண்மலர் ஆவதுபோல, அருள், மொழி சேர்ந்து அருண்மொழி ஆகிறது. புதினம் படித்த பலர் அருள்மொழி என்று சொல்லுவர். அதுவும் பொருளால் ஒன்றே. அருமொழி என்ற வடிவமும் கல்வெட்டுகளில் உண்டு. அருமொழிதேவ வளநாடு என்று ஒரு நாட்டுப் பிரிவுக்கே அவன் பெயரை வைத்திருந்தார்கள். அருமையான மொழியை உடையவன் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். ஆண், பெண் இருவருக்கும் இந்தப் பெயர் இன்று வழங்குகிறது. பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டிய இடம் இதில் உள்ள ழகரம். ஆங்கில எழுத்தில் அதை 'இசட்', 'எச்' என இரண்டு எழுத்துகளால் குறிப்பது வழக்கமாகிவிட்டது. முன்பு 'எல்' என்ற ஒற்றை எழுத்தாலும் எழுதியிருக்கிறார்கள். எதை எழுதினாலும் ஒரு குடும்பத்துப் பத்திரங்களில் ஒரே மாதிரியாக எழுத வேண்டும். தமிழில் சரியாக எப்படிச் சொல்லுவது என்பதைப் பிள்ளைக்கு வீட்டில் பழக்க வேண்டும்.

அரியணை ஏறியபின் அரசர்கள் சூடிக்கொண்ட பெயர்களில் ஓர் ஒழுங்கு உண்டு. சோழ மன்னர்கள் இராஜகேசரி, பரகேசரி என்ற இரண்டு பட்டங்களை ஒருவர் மாற்றி ஒருவர் கொண்டார்கள். கேசரி என்றால் பிடரி மயிரை உடைய சிங்கம். அரசர்களுக்குச் சிங்கம் இராஜகேசரி. பகைவர்களுக்குச் சிங்கம் பரகேசரி. விஜயாலயன் பரகேசரி, அவன் மகன் ஆதித்தன் இராஜகேசரி, அவன் மகன் முதற் பராந்தகன் பரகேசரி. இராஜராஜன் இராஜகேசரி, அவன் மகன் இராஜேந்திரன் பரகேசரி. பட்டத்தோடு 'வர்மன்' என்ற சொல்லும் சேரும். கவசம் போலக் காப்பவன் என்பது அதன் கருத்து. கல்வெட்டில் அது 'பன்மர்' என்று தமிழ் நாவுக்கு ஏற்ப மாறியும் வரும். கோயில் சுவரில் 'கோ இராஜகேசரி பன்மரான' என்று தொடங்கும் நீண்ட பெயரைக் கண்டால் மலைக்க வேண்டாம். 'கோ' என்பது அரசன், அடுத்தது பட்டம், அதற்கும் அடுத்ததுதான் மன்னன் பெயர்.

இப்போது "தாத்தா வைத்த பெயர்" என்ற விடைக்கு வருவோம். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் என்பதால்தான் 'பெயரன்' என்றார்கள். அதுவே 'பேரன்' ஆயிற்று. பெயர்த்தி, பேத்தி ஆனாள். சோழர் வீட்டிலும் இந்த வழக்கம் இருந்தது. முதற் பராந்தகனின் மகன் அரிஞ்சயன். அரிஞ்சயனின் மகனுக்கு மீண்டும் பராந்தகன் என்றே பெயர். சுந்தர சோழன் என்று நாம் அறிந்திருப்பவன் அந்த இரண்டாம் பராந்தகனே. மகள் வழியிலும் பெயர் தொடர்ந்தது. இராஜராஜனின் மகளுக்கு அவளுடைய அத்தையின் பெயராகிய குந்தவை என்பதையே வைத்தார்கள். அவளைக் கீழைச் சாளுக்கிய மன்னன் விமலாதித்தனுக்கு மணம் செய்து கொடுத்தார்கள். அவள் வயிற்றுப் பிள்ளைக்கு அம்மாவைப் பெற்ற தாத்தாவின் பெயராகிய இராஜராஜன் என்பதே பெயராயிற்று. அவனை இராஜராஜ நரேந்திரன் என்பர். அந்த நரேந்திரன் இராஜேந்திர சோழனின் மகள் அம்மங்கையை மணந்தான். அவர்களுக்குப் பிறந்த மகனுக்கும் அம்மாவைப் பெற்ற தாத்தாவின் பெயர்தான். அவன் பெயர் இராஜேந்திரன். 1070ஆம் ஆண்டில் சோழ அரியணை ஏறியபின் குலோத்துங்கன் என்று புகழ்பெற்றவன் அவனே. ஆகவே நம் வீட்டில் தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு இடும்போது, அரண்மனையிலும் இருந்த ஒரு வழக்கத்தைத்தான் நாமும் பின்பற்றுகிறோம்.

அரசிமாரின் பெயர்களையும் விட்டுவிடக் கூடாது. செம்பியன் மாதேவி, வானவன் மாதேவி, பஞ்சவன் மாதேவி என்ற பெயர்களில் 'மாதேவி' என்பது பெருந்தேவி என்று பொருள்படும். செம்பியன் சோழனையும், வானவன் சேரனையும், பஞ்சவன் பாண்டியனையும் குறிக்கும் பழம்பெயர்கள். பஞ்சவன் என்பதை மஞ்சள் என்பதைப்போல மென்மையாகச் சொல்ல வேண்டும். இராஜராஜனின் தேவியருள் ஒருத்தியாகிய பஞ்சவன் மாதேவிக்கு, அவள் பெற்ற மகனல்லாத இராஜேந்திரன் பழையாறைப் பகுதியில் நினைவுக் கோயில் எழுப்பினான். சிற்றன்னையின் பெயர் அந்தக் கோயிலின் பெயரில் நிலைத்தது. குந்தவை என்ற பெயரையும் பந்து என்பதைப்போலவே ஒலிக்க வேண்டும். 'குத்தவை' அன்று.

நாம் வாழும் மண்ணோடு தொடர்புடைய பெயர்களும் உண்டு. நம் கெடா மாநிலத்தையே தமிழ்க் கல்வெட்டுகள் கடாரம் என்றும் கிடாரம் என்றும் குறிக்கின்றன. பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய செங்கல் கோயில்களின் அடித்தளங்களை இன்றும் காணலாம். இராஜராஜன் காலத்தில், கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட சூடாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுந்தது. அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரை இராஜராஜன் அளித்தான். சூடாமணி என்றால் தலையில் சூடும் மணி. பின்னர் நட்பு மாறிற்று. ஏறக்குறைய 1025ஆம் ஆண்டில் இராஜேந்திரனின் கப்பல்கள் கடல் கடந்து வந்து கடாரத்தைத் தாக்கின. அப்போது பிடிபட்ட மன்னனின் பெயர் சங்கிராம விஜயோத்துங்கவர்மன். எவ்வளவு நீளம்! ஆயினும் நமக்கு இப்போது ஒட்டிய இடம் தெரியும். சங்கிராமம் என்றால் போர். விஜய, உத்துங்க சேர்ந்து விஜயோத்துங்க, குலோத்துங்கன் என்பதில் கண்ட அதே 'ஓ'. வர்மன் நமக்குத் தெரிந்த சொல். போரில் பெற்ற வெற்றியால் உயர்ந்து காப்பவன் என்று பொருள் கொள்ளலாம். வென்றவன் பெயரும் தோற்றவன் பெயரும் ஒரே வகைச் சொற்களால் கட்டப்பட்டவை என்பதை இது காட்டுகிறது.

அந்தச் சொற்கள் மலாய் மொழியிலும் வாழ்கின்றன. நம் நாட்டு அரசியாரை 'ராஜா பெர்மைசூரி அகோங்' என்கிறோம். அதில் உள்ள பெர்மைசூரி, பரமேசுவரி என்ற சொல்லே. பெட்டாலிங் ஜெயா என்னும்போது வரும் ஜெயாவும் அரிஞ்சயன் பெயரில் வரும் ஜயமும் ஒன்று. குவாந்தானில் உள்ள இந்தெரா மக்கோத்தாவில் இந்திரனும் இருக்கிறான், மகுடமும் இருக்கிறது. மலாக்காவை நிறுவிய பரமேசுவராவின் பெயரைப் பிரித்தால் பரம, ஈசுவரன் என்ற இரண்டு சொற்கள் கிடைக்கும். நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் வரலாற்று நூலில் இப்பெயர்கள் வரும்போது, "இது எனக்குத் தெரிந்த சொல்" என்று சொல்ல முடிந்தால் பாடம் பாதி விளங்கியதுபோலத்தான்.

பெயரின் பொருளை அறிந்தபின் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்றும் உண்டு. அரசர் பெயர் என்பதனாலேயே எல்லாம் நம் பிள்ளைக்குப் பொருந்தும் என்று கொள்ள வேண்டியதில்லை. இராஜேந்திரனுக்கு இளமைப் பெயர் மதுராந்தகன். கண்டராதித்தனின் மகன் உத்தம சோழனுக்கும் அதுவே பெயர். மதுரா, அந்தகன் என்று பிரித்தால், மதுரைக்கு எமனானவன் என்று பொருள் வரும். முதற் பராந்தகன் பாண்டியரிடமிருந்து மதுரையைக் கைப்பற்றிய பெருமிதத்தில் எழுந்த பெயர் இது. செங்கற்பட்டுப் பக்கத்தில் மதுராந்தகம் என்ற ஊரும் உண்டு. தமிழ் அரசர் இருவர் தம்முள் மோதிக்கொண்ட கதையை அந்தப் பெயர் சுமக்கிறது. மதுரைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று, ஓசை அழகாக இருக்கிறதே என்று இப்பெயரைத் தேர்ந்தெடுத்தால், தன் ஊருக்கே எமனைப் பெயராக வைத்ததாகும். வைப்பது அவரவர் விருப்பம். பொருளை அறிந்து வைப்பது நலம்.

வேறு வகைப் பெயர்களும் உண்டு. கங்கை கொண்டான், கடாரம் கொண்டான் என்பவை போரால் பெற்றவை. சிவபாதசேகரன் என்று இராஜராஜன் கொண்ட பெயர் பணிவால் பெற்றது. சேகரம் என்றால் தலையில் சூடுவது. சிவனுடைய திருவடியைத் தலையில் சூடியவன் என்பது பொருள். நம்மிடையே உள்ள சந்திரசேகரன், குலசேகரன், இராஜசேகரன் என்ற பெயர்களையும் இதைக்கொண்டு விளங்கிக்கொள்ளலாம். குலோத்துங்கனுக்கோ இன்னொரு பெயர் வந்தது. வணிகப் பொருள்கள்மேல் இருந்த சுங்க வரியை அவன் நீக்கினான். அதனால் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று வழங்கப்பட்டான். பெற்றோர் வைத்தது இராஜேந்திரன், அரியணையில் சூடியது குலோத்துங்கன், சுமை இறக்கியதால் கிடைத்தது சுங்கம் தவிர்த்தவன். மூன்று பெயர்களும் ஒரே மனிதனுக்கு. முதற்பெயரை நாம் நம் பிள்ளைக்குக் கொடுக்க முடியும். மூன்றாவது போன்ற பெயரைப் பிள்ளைதான் தன் செயலால் தேடிக்கொள்ள வேண்டும்.

ஆகவே, தாய்மார்களே, தந்தைமார்களே, பிள்ளைக்குப் பெயர் பதியப் போகும்முன் சில காரியங்களைச் செய்யுங்கள். பெயரைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். குறில், நெடில், ஒற்று, ழகர ளகரங்கள் சரியாக இருக்கின்றனவா என்று தமிழாசிரியரிடமோ, நன்றாகத் தமிழ் படித்த ஒருவரிடமோ காட்டுங்கள். பிறகு அதை ரூமி எழுத்தில் எப்படி எழுத வேண்டும் என்று தீர்மானித்து ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். வாயால் சொல்லி, எழுதுகிறவர் காதை நம்பியிருக்க வேண்டாம். பத்திரம் கைக்கு வந்ததும் முகப்பை விட்டு நகருமுன் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். அண்ணன், தம்பி பத்திரங்களில் தந்தையின் பெயர் ஒரே மாதிரியாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பிள்ளை வளர்ந்து பேசத் தொடங்கியதும், குலா என்றும் ராஜு என்றும் கொஞ்சி அழைப்பதில் தவறில்லை. ஆனால் நாளுக்கு ஒரு முறையாவது முழுப்பெயரைச் சொல்லி அழையுங்கள். அந்தப் பெயரில் எத்தனை சொற்கள் இருக்கின்றன, எந்த இடத்தில் ஒட்டியிருக்கின்றன, அதே பெயருடன் முன்பு வாழ்ந்தவர் யார், அவர் செய்தது என்ன என்பதைக் கதையாகச் சொல்லுங்கள். தாத்தாவின் பெயரானால் தாத்தாவின் கதையையும் சொல்லுங்கள். காடு திருத்தியவரா, பால்மரம் வெட்டியவரா, தண்டவாளம் போட்டவரா என்பதும் அந்தப் பெயரோடு சேர்ந்து பிள்ளைக்குத் தெரிய வேண்டிய வரலாறே.